மரிக்கார் பேசிய தமிழ்

யாழ்ப்பாணத்தில் இன்று அறுபது வயதை எட்டியவர்களிடம் "மரிக்கார்" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும். அதற்குப் பிறகுதான் "மரிக்கார் ராமதாசைச் சொல்லுறியளோ?" என்ற கேள்வி வரும். எஸ். ராமதாஸ் என்ற வானொலி நாடகக் கலைஞர் எழுபதுகளில் எங்கள் வீடுகளில் பெற்றிருந்த இடம் அப்படிப்பட்டது. வட்டுக்கோட்டையில் வளர்ந்த என் தலைமுறைக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கற்றுத்தந்தவர்களில் அவர் முதன்மையானவர்.

உயர்தர வகுப்பில் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை விளக்கியபோது நகைக்கு உதாரணமாக இவரைச் சொன்னேன். மாணவியர் ஒருவருக்கும் அவரைத் தெரிந்திருக்கவில்லை, அது வியப்பன்று. முஸ்லிம் அல்லாத ஒருவர் முஸ்லிம் பாத்திரமாகப் பேசிப் புகழ்பெற்றார் என்று விளக்கியதும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "அப்ப, எங்கட பேச்சைப் பகிடி பண்ணித்தானே ரீச்சர் அவர் பேரெடுத்தவர்?"

நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. எனவே அதை இந்த மலருக்கு எடுத்துவந்தேன்.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. அதற்கு முன்னர் வீட்டுக்குள் வந்து பேசிய ஒரே வெளியாள் வானொலிதான். 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் கேட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. படிக்கவும் பார்க்கவும் கேட்கவும் உள்ளூர்ச் சரக்கே வேண்டும் என்ற நிலை வந்தது. அதில் வந்த கஷ்டங்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாணுக்கு வரிசையில் நின்ற காலமும் அதுதான். ஆனால் கலைத்துறையில் ஒரு நன்மை நடந்தது. அதுவரை மேடையிலும் ஒலிவாங்கியிலும் சென்னைத் தமிழைப் பார்த்துப் பேசிய எங்கள் நடிகர்கள், தங்கள் வீட்டுத் தமிழில் பேசத் துணிந்தார்கள்.

அந்தத் துணிவு திடீரென முளைத்ததன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட "நானாடகம்", 1952 இல் வெளியிட்ட "இருநாடகம்" ஆகியவற்றில் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே பாத்திரங்களின் வாயில் வைத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் செய்ததால் அதற்கு ஒரு மதிப்புக் கிடைத்தது. பின்னர் அது வானொலிக்கு வந்தது. வானொலியில் யாழ்ப்பாணத்தாரின் பேச்சு ஒலித்த நாடகங்கள் பல உண்டு. ராமதாஸ் செய்த புதுமை, பல பேச்சுகளை ஒரே இடத்தில் மோதவிட்டதுதான்.

"கோமாளிகளின் கும்மாளம்" என்பது அந்த வானொலி நாடகத்தின் பெயர். எழுதியவர் ராமதாஸ். மையத்தில் நால்வர். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர். மரிக்கார் முஸ்லிம், கொழும்பு முஸ்லிம்களின் தமிழைப் பேசுவார். அந்தப் பாத்திரத்தில் ராமதாஸ். அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தார், ரி. ராஜகோபால். உபாலி, சிங்களவர் தமிழ் பேசினால் எப்படியிருக்குமோ அப்படிப் பேசுவார், எஸ். செல்வசேகரன். ஐயர் பிராமணத் தமிழ் பேசுவார். அந்த ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத்.

கடைசிப் பெயரை இன்னொரு முறை வாசியுங்கள். பின்னாளில் "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சியால் தமிழ்பேசும் உலகம் முழுவதும் அறிந்துகொண்ட அதே அறிவிப்பாளர்தான். முஸ்லிம் அல்லாத ராமதாஸ் மரிக்கார் ஆனார். முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயர் ஆனார். தமிழரான செல்வசேகரன் உபாலி ஆனார். நால்வரில் தன் சொந்த ஊர்ப் பாத்திரத்துக்கு நெருங்கி நின்றவர் ராஜகோபால் ஒருவரே. இதை யாரும் அந்நாளில் ஒரு கொள்கையாக அறிவித்ததாக எனக்கு நினைவில்லை. யாருக்கு எந்தக் குரல் வாய்த்ததோ அவர் அதைப் பேசினார், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அது பெரிய விடயமாகத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது.

வானொலியில் தொப்பி தெரியாது, பூணூல் தெரியாது, சாரம் தெரியாது, வேட்டி தெரியாது. நால்வர் ஒரே நேரத்தில் கத்தினால் யார் என்ன சொன்னார் என்பதை அரைநொடிக்குள் கேட்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்து கொடுத்தது பேச்சுவழக்கு. "ஈக்கி" என்று கேட்டால் மரிக்கார். "சொல்லினம்" என்று கேட்டால் அப்புக்குட்டி. "வந்தேள்" என்றால் ஐயர். நாடகமேடையில் உடுப்பு செய்கிற வேலையை வானொலியில் வினைமுற்று செய்தது என்று சொல்லலாம். இலக்கணம் கற்கும் மாணவியர் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மொழியின் வட்டார வேறுபாடு பெயர்ச்சொற்களில் இருப்பதைவிட வினையின் வாலில்தான் சட்டென்று காட்டிக்கொடுக்கிறது.

எங்கள் வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்துக்குப் பெயர்போன ஊர். கூத்து மரபில் அரசன் வந்தால் பாட்டும் தாளமும் உயர்ந்த நடையும் இருக்கும். கட்டியக்காரனோ கோமாளியோ வாய்திறந்தால்தான் சபையிலிருப்பவரின் சொந்தப் பேச்சு மேடையில் கேட்கும். வடமொழி நாடகத்திலும் விதூஷகன் சமஸ்கிருதம் பேசமாட்டான், பிராகிருதம் பேசுவான். ஆக, பேச்சுமொழியைக் கோமாளியின் வாயில் வைப்பது மிகப் பழைய வழக்கம். அதனால் ஒரு தீமையும் உண்டு: பேச்சுமொழி என்றாலே கோமாளிக்குரியது என்ற எண்ணம் மனத்தில் விழுந்துவிடும். இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையை. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் இகழ்ச்சியால் வரும் சிரிப்பு. நாம் பிறரை இகழ்வதும் பிறர் நம்மை இகழ்வதும் இதற்குள் அடங்கும். இளமை பிள்ளைத்தனத்தால் வருவது. பேதைமை அறியாமையால் வருவது. மடன் என்பது இன்னும் நுட்பமானது. ஒருவர் தனக்குச் சொல்லித்தந்ததை இறுகப் பிடித்துக்கொண்டு, விடவேண்டிய இடத்திலும் விடாமலிருப்பது.

பழைய உரையொன்றில் நகைக்குக் காட்டப்படும் உதாரணங்களைப் படிக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். ஆரியர் பேசும் தமிழ் சிரிப்புக்கு இடம் என்று அங்கே வருகிறது. அதாவது, வேற்றுமொழிக்காரர் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவது. அதோடு சேர்த்து அதே மூச்சில் சொல்லப்படும் அடுத்த உதாரணம், குருடரும் முடவரும் நடக்கும் நடை. அந்தக் காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். உரையாசிரியர் உலகில் கண்டதை எழுதியிருக்கிறார். இன்று எந்த வகுப்பறையிலும் கால் ஊனமான ஒருவரின் நடையைப் பார்த்துச் சிரித்தால் ஆசிரியர் தண்டிப்பார். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே எழுதப்பட்ட முதலாவது உதாரணத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கிறோம். ஒருவரின் பேச்சைப் பார்த்துச் சிரிப்பது தவறென்று பலருக்குத் தோன்றுவதில்லை.

அப்படியானால் "கோமாளிகளின் கும்மாளம்" எள்ளல்தானா?

என் விடை: ஓரளவு ஆம், பெரும்பாலும் இல்லை. காரணம் சொல்கிறேன்.

நாடகத்தின் பெயரைப் பாருங்கள். கோமாளி என்று ஒருமையில் இல்லை, கோமாளிகள். நால்வரும் கோமாளிகள். பாடப்புத்தகத் தமிழ் பேசும் ஐந்தாவது ஆள் ஒருவர் நடுவில் உட்கார்ந்து இந்த நால்வரையும் பார்த்துச் சிரிக்கும்படி அந்த நாடகம் கட்டப்படவில்லை. ஒரு சமூகத்தாரின் பேச்சு சரி, மற்றவரின் பேச்சு பிழை என்றால் அங்கே எள்ளல் இருக்கிறது. நாலு பேச்சும் ஒரே உயரத்தில் நின்றால், யாழ்ப்பாணத்தான் மரிக்காரைக் கேட்டுச் சிரித்த கையோடு அப்புக்குட்டியிடம் தன்னையும் கேட்டுச் சிரிக்க வேண்டியவனாகிறான். எங்கள் வீட்டில் அதிகம் சிரித்தது அப்புக்குட்டிக்குத்தான். எங்கள் அயலில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஓர் அப்புக்குட்டி இருந்தார்.

இரண்டாவது காரணத்தை விளக்க ஒரு சோதனை சொல்லித்தருகிறேன். வகுப்பில் இதைச் செய்து பார்த்திருக்கிறோம். ஒரு பகிடியை எடுத்து, அதிலுள்ள பேச்சுவழக்கை முழுவதும் நீக்கி, பாடப்புத்தகத் தமிழில் திருப்பி எழுதுங்கள். சிரிப்பு மிஞ்சுகிறதா?

உதாரணத்துக்கு நானே ஒரு கதை கட்டுகிறேன். இது நாடகத்தில் வந்ததன்று. எந்தப் பொருளையும் எவர் தலையிலும் கட்டிவிடக் கூடியவர் என்று பெருமை பேசும் ஒரு வியாபாரி. கடும் வெயில் காலத்தில் குடை விற்கப் புறப்படுகிறார். வாங்க வந்தவரிடம் குடையின் அருமையைப் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே போகிறார். கடைசியில் தன் பேச்சில் தானே மயங்கி, "இவ்வளவு நல்ல குடையை ஏன் விற்க வேண்டும்?" என்று தானே வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். இதை மரிக்காரின் வாயில் வைத்தாலும் அப்புக்குட்டியின் வாயில் வைத்தாலும் சிரிப்பு வரும். பாடப்புத்தகத் தமிழிலும் கொஞ்சம் வரும். இது மடன். சிரிப்பு மனிதனின் குணத்தில் இருக்கிறது; பேச்சு அதற்கு உப்பு.

மற்றொரு வகை: ஒருவர் "ஈக்கி" என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். "இருக்கிறது" என்று மாற்றினால் சிரிக்க ஒன்றுமில்லை. இங்கே சிரிப்புக்கு ஆதாரம் பேச்சு மட்டுமே. இது எள்ளல். மேடையில் நான் பார்த்த பல பாடசாலை நாடகங்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒரு தொப்பி, இரண்டு "வாப்பா", அவ்வளவோடு பாத்திரம் முடிந்துவிடும். ராமதாசைப் பின்பற்றுகிறோம் என்று அவர்கள் நினைக்கலாம். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது உப்பை மட்டும்.

ஆனால் ராமதாசின் மரிக்காரிலும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அதைச் சொல்ல எங்கள் ஊருக்கு வந்த ஒரு வியாபாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து சைக்கிளின் பின்கரியரில் புடைவைக் கட்டை வைத்துக்கொண்டு ஒருவர் வட்டுக்கோட்டைக்கு வருவார். தவணைக்குச் சேலை கொடுப்பார். அம்மா அவரை "நானா" என்றே கூப்பிடுவார். அவர் அம்மாவைத் "தங்கச்சி" என்பார். வானொலி நாடகம் புகழ்பெற்ற பின்னர் ஒழுங்கைச் சிறுவர்கள் அவரைக் கண்டதும் "மரிக்கார் வாறார்" என்று கத்தத் தொடங்கினார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். ஒருநாள் சேலைக்கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, றேடியோவில கேக்கிறது கொழும்புப் பேச்சு. எங்கட வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை. நான் கதைக்கிறதும் நீங்கள் கதைக்கிறதும் ஒண்டுதானே."

அது முழு உண்மை. யாழ்ப்பாண முஸ்லிம்களின் பேச்சு உறவுப்பெயர்களிலும் மார்க்கச் சொற்களிலும் தனித்தன்மை கொண்டது. மற்றபடி யாழ்ப்பாணத் தமிழோடு பெரிதும் ஒட்டியது. கிழக்கு முஸ்லிம்களின் பேச்சு மட்டக்களப்புத் தமிழோடு சேர்ந்தது. மேற்கிலே அண்ணனை "நானா" என்பவர்கள், கிழக்கிலே "காக்கா" என்பார்கள். "ஈக்கி" என்பது மேற்கு, தெற்கு முஸ்லிம்களின் வாயில் பழகிய வடிவம். ஒரே வானொலிக் குரல் இவ்வளவையும் ஒன்றாக்கிவிட்டது. முஸ்லிம் என்றால் இப்படித்தான் பேசுவார் என்று, பக்கத்து ஊர் முஸ்லிமை அறியாத ஒரு சிறுவனின் காதில் பதிந்துவிட்டது. வாரந்தோறும் படலையில் வந்து நிற்கும் மனிதரின் பேச்சைக் காதால் கேட்டுக்கொண்டே, வானொலியில் வந்தவரின் பெயரால் அவரைக் கூப்பிட்டார்கள். புகழ்பெற்ற பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. எழுதியவரை முழுக்கக் குறைசொல்ல முடியாது. ஒரு பாத்திரத்தில் ஒரு சமூகத்தின் எல்லா ஊர்களையும் அடக்க யாராலும் முடியாது. அந்த ஒரு பாத்திரத்தோடு நின்றுவிட்டது எங்கள் கலையுலகின் குறை. மரிக்காருக்குப் பிறகு யாழ்ப்பாண முஸ்லிம் ஒருவர், மூதூர் முஸ்லிம் ஒருவர், மன்னார் முஸ்லிம் ஒருவர், அவரவர் பேச்சோடும் ஊரோடும் வானொலியில் வாரந்தோறும் வந்திருக்க வேண்டும்.

அந்தப் புடைவை வியாபாரி 1990 க்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். இந்த மலரை வாசிக்கும் பெற்றோருக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. அம்மா கொடுக்க வேண்டியிருந்த இரண்டு தவணைக் காசு, கொப்பியொன்றின் நடுவில் மடித்தபடி வெகுகாலம் இருந்தது.

நாடகம் 1976 இல் "கோமாளிகள்" என்ற பெயரில் திரைப்படமாக வந்தது. இயக்கியவர் எஸ். ராமநாதன். வானொலியில் குரலாக மட்டும் கேட்ட நால்வரையும் உருவமாகப் பார்க்கலாம் என்று சனம் போனது. அக்காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களில் மக்கள் விரும்பிப் பார்த்த படங்களில் இதுவும் ஒன்று. என் அபிப்பிராயத்தில் வானொலி நாடகமே உயர்ந்தது. வானொலியில் மரிக்காருக்கு நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முகம் கொடுத்திருந்தோம். திரையில் அது ஒரு முகமாகி, கூடவே உடுப்பும் வந்து சேர்ந்தது. உடுப்பு வந்தபின் பேச்சுக்கு வேலை குறைந்துவிட்டது. பின்னர் 1978 இல் "ஏமாளிகள்" வந்தது.

1976 என்ற ஆண்டைச் சொன்னால், வரலாறு படிக்கும் மாணவியருக்கு எங்கள் ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காக நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மே 14 இல் வட்டுக்கோட்டை பண்ணாகத்தில் நடந்த மாநாட்டில்தான் தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரு யாழ்ப்பாணத்தார், ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர், ஓர் ஐயர் நால்வரும் ஒரே கூரையின் கீழ் அடிபிடிப்பட்டுக் கூத்தடித்த படம் வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டும் ஒரே நாட்டிலிருந்து வந்தவை.

மாணவியருக்கு ஒரு இலக்கணக் குறிப்பும் தர வேண்டும். உபாலியின் தமிழைக் கேட்டு நாங்கள் சிரித்த காலத்தில், அப்படிப் பேச வைப்பது அறியாமை என்றுதான் நினைத்தோம். பின்னர் சிங்களம் கொஞ்சம் படித்தபோது விளங்கியது. பேச்சுச் சிங்களத்தில் "மம யனவா", "ஒயா யனவா", "எயா யனவா" என்பார்கள். நான் போகிறேன், நீ போகிறாய், அவர் போகிறார் எல்லாவற்றுக்கும் "யனவா" ஒன்றே. எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதில்லை. அந்த மொழியில் வளர்ந்தவர் தமிழுக்கு வந்தால் "நான் போறது", "நீங்க போறது" என்று ஒரே வடிவத்தில் பேசுவது இயல்பு. அது அவர் தன் மொழியின் இலக்கணத்துக்குக் காட்டும் விசுவாசம். தொல்காப்பியர் சொன்ன நான்கில் அது பேதைமை ஆகாது. மடனுக்கு அருகில் வரும்.

யாழ்ப்பாணத்தார் "உவன்", "உது" என்பதைக் கேட்டுத் தமிழ்நாட்டவர் சிரிப்பார்கள். அ, இ, உ என்ற மூன்று சுட்டெழுத்துகளையும் இலக்கணம் பாடமாக்குகிறோம். மூன்றாவதை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். முஸ்லிம்களின் பேச்சிலும் இதேபோல் தங்கியிருக்கும் செல்வங்கள் உண்டு. அரபுச் சொற்கள் கலந்தது என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் என்ற சொற்களைப் பாருங்கள். மார்க்கத்தின் மையத்திலேயே நல்ல தமிழ் இருக்கிறது. குழம்பை "ஆணம்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் உள்ளன. அது அகராதியில் இருக்கும் பழந்தமிழ்ச் சொல். பேராசிரியர் எம். ஏ. நுஃமான் போன்ற மொழியியலாளர்கள் இலங்கை முஸ்லிம்களின் மொழியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். உயர்தர மாணவியர் தேடி வாசிக்க வேண்டும். முஸ்லிம்கள் எழுத்துத் தமிழுக்குப் புதியவர்கள் என்று எவராவது சொன்னால், இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் "அசன்பே சரித்திரம்" 1885 இல் சித்திலெப்பை எழுதியது என்று சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பரீட்சைத் தாளில் எழுத்துத் தமிழ்தான் எழுத வேண்டும். அதில் ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் வீட்டில் பிள்ளை "வெலங்கல்ல உம்மா" என்று சொல்லும்போது "விளங்கவில்லை என்று வடிவாய்ச் சொல்லு" என்று திருத்துகிறவர்களை அண்மைக்காலமாகக் காண்கிறேன். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பிள்ளைகள் சிலர் வகுப்பில் வாய்திறக்கவே தயங்குகிறார்கள். அவர்களுடைய பேச்சில் புத்தளமும் இருக்கிறது, பாட்டியிடமிருந்து வந்த யாழ்ப்பாணமும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். அந்தப் பேச்சை ஒருவர் எழுதி வைத்தால் அது முப்பது வருட வரலாறு.

சிரிக்கப்படுபவராக இருப்பது எப்படியென்று யாழ்ப்பாணத்தார் பிற்காலத்தில் அறிந்துகொண்டார்கள். 2000 ஆம் ஆண்டு வந்த "தெனாலி" படத்தில் கமல்ஹாசன், எல்லாவற்றுக்கும் பயப்படும் இலங்கைத் தமிழராக யாழ்ப்பாணத் தமிழ் பேசி நடித்தார். அந்தப் பேச்சைப் பழக அவருக்கு உதவியவர் யார் தெரியுமா? எங்கள் "ஐயர்", பி. எச். அப்துல் ஹமீத். கொழும்பில் பிறந்த ஒரு முஸ்லிம், பரமக்குடியில் பிறந்த ஒரு நடிகருக்கு யாழ்ப்பாணத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். படத்தைப் பார்த்த எங்களில் சிலர் மகிழ்ந்தார்கள். பெரிய நடிகர் எங்கள் பேச்சைப் பேசிவிட்டாரே என்று. சிலருக்கு மனம் நொந்தது. போரால் வந்த பயம் ஒரு பகிடிப் பொருளாகலாமா என்று கேட்டார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்தும் இருந்தது. மரிக்காரைக் கேட்ட முஸ்லிம் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குப் பட்டது. அந்த வீடுகளில் சிரித்தவர்கள் எத்தனை பேர், முகம் சுளித்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் பக்கத்தில் எவரும் கேட்டுவைக்கவில்லை. மாணவியர் இப்போதாவது வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் அதே பேச்சில் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கச் சொல்லி மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

நால்வரும் காலத்தோடு பிரிந்து போனார்கள். ராஜகோபால் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்தார். செல்வசேகரன் கொழும்பிலேயே இருந்து, 2012 இல் காலமானார். ராமதாஸ் சென்னையில் வாழ்ந்து 2016 இல் அங்கேயே காலமானார்.

மரைக்காயர், மரைக்கார், மரிக்கார் என்று பலவாறு எழுதப்படும் அந்தப் பெயர் கரையோர முஸ்லிம்களின் பழைய பட்டப்பெயர். மரக்கலத்தோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. கிழக்கில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்போரையும் அப்படி அழைப்பார்கள். ராமதாசுக்கு அது பிறப்பால் வந்ததன்று. சனங்கள் கொடுத்தது. அவர் மறைந்த செய்தியைச் சொன்னவர்கள் வெறும் ராமதாஸ் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாருக்கும் விளங்கியிராது. "மரிக்கார் ராமதாஸ் காலமானார்" என்றுதான் சொன்னார்கள்.